இடோனியின் கழியில் இரண்டு வெட்டு

கள் வாயில் பட்டதும் ஹாமோ மணிக்கூண்டைப் பார்ப்பார்.

பதினொரு வருஷமாக அப்படித்தான். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் சரி, குவளையை வாங்குவார், மீசையைப் பெருவிரலால் இரண்டு பக்கமும் ஒதுக்குவார், ஒரு வாய் எடுத்துக்கொண்டு கோயில் மணிக்கூண்டின் உச்சியில் காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் செப்புச் சேவலை அண்ணாந்து பார்ப்பார். கள் தொண்டையில் இறங்கி அடிவயிறு போய்ச் சேரும்வரை பார்வை அங்கேயே இருக்கும். பிறகுதான் கீழே வரும். "நல்லது" என்பார். இல்லையென்றால் "மெலிசு" என்பார். ரொம்ப மோசம் என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார், குவளையில் இருப்பதைத் தரையில் கவிழ்த்துவிடுவார்.

இதை ஊரில் வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இடோனி கவனித்திருந்தாள். யார் முகத்தையும் நேராகப் பார்க்கக் கூச்சப்படுகிறவள் அவள். பேசுகிறவரின் கழுத்து, கை, செருப்பு என்று எங்காவது பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்வாள். ஹாமோ அண்ணாந்து நிற்கும்போது மட்டும் அவர் முகத்தைத் தைரியமாகப் பார்க்கலாம். அவர்தான் திரும்பிப் பார்க்க மாட்டாரே.

எங்கள் தோர்ன்பெக்கில் பார்லிக் கள் காய்ச்சுவது பெண்கள் வேலை. பார்லியை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வைக்கோல் பரப்பிய தொட்டியில் வடித்து, போன வாரத்துக் கள்ளின் நுரையில் கொஞ்சம் எடுத்து உறை ஊற்றி வைத்தால் இரண்டாம் நாள் பொங்கும். மூன்றாம் நாள் குடிக்கலாம். ஆறாம் நாள் புளிக்கும். கள் தயாரானதும் வாசலில் ஒரு நீளக் கழியை நட்டு அதன் முனையில் விளக்குமாற்றைக் கட்டுவார்கள். அதைப் பார்த்ததும் ருசிக்காரர் வர வேண்டும். அவர் ருசி பார்த்துச் சொல்லும்வரை ஒரு சொட்டு விற்கக் கூடாது.

ருசிக்காரரை ஊர்தான் தேர்ந்தெடுக்கும். அறுவடை முடிந்து வரும் மிக்கேல் சம்மனசு திருநாளன்று கோட்டை மண்டபத்தில் எல்லாரும் கூடிக் கை தூக்குவார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்வார். ஹாமோவுக்குத் தொழில் வண்டிச் சக்கரம் செய்வது. அதில் அவர் சுமார்தான். ஆனால் நாக்கு என்றால் அவர் நாக்குதான். எந்தக் கிணற்றுத் தண்ணீர், பார்லியை எந்த விறகில் உலர்த்தியது என்றுகூடச் சொல்வார். பதினொரு வருஷமும் அவருக்கு எதிராக ஒரு கை எழுந்ததில்லை.

அவர் கள்ளைக் கவிழ்த்தால் அந்தத் தொட்டி முழுவதும் பன்றிக்குப் போகும். இடுப்புக் கத்தியை எடுத்து அந்த வீட்டுக் கழியில் ஒரு வெட்டுப் போடுவார். ஒரே வருஷத்தில் மூன்று வெட்டு விழுந்தால் முக்கு நாற்காலி. கோட்டை அகழிக் கரையில் ஏற்றம்போல ஒரு நீளமான மரம், அதன் நுனியில் நாற்காலி. காய்ச்சினவளை அதில் உட்காரவைத்துக் கட்டி மூன்று தடவை தண்ணீரில் முக்குவார்கள். ஊருக்கு நினைவு தெரிந்து இரண்டு பேர் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி மறு வருஷமே ஊரைவிட்டுப் போய்விட்டாள். இன்னொருத்தி குன்னோராவின் அத்தை. சொட்டச் சொட்ட எழுந்து நின்று, "தண்ணி கொஞ்சம் குளிருது, வெந்நீர் போடக் கூடாதா?" என்று கோட்டைப் பிரபுவையே கேட்டாளாம். அந்த வம்சம் அப்படி.

இடோனி அந்த வம்சம் இல்லை.

அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் பிறந்து, தர்ஸ்டனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். தர்ஸ்டன் கோட்டையில் இரவுக் காவல். கிழக்குக் கோபுரத்தில் விடிய விடிய நின்றுவிட்டு, மாடு மேய்ச்சலுக்குப் போகிற நேரத்தில் வீடு வந்து சேர்வான். வெந்நீரில் ரொட்டியை நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்தால் பகல் முழுவதும் தூக்கம். ஒரே அறை வீடு. அவன் தலைமாட்டுக்கு நாலு முழத்தில் அவளுடைய அடுப்பு. அதனால் அவள் சத்தமில்லாமல் கள் காய்ச்சப் பழகியிருந்தாள். துடுப்பின் முனையில் துணி சுற்றியிருக்கும். தொட்டிக்கு அடியில் வைக்கோல் பந்து. வாளியின் இரும்பு வளையத்துக்குப் பதிலாகக் கயிறு. வாங்க வருகிறவர்களும் குடத்தை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வாய்க்குள் பேசுவார்கள். அவள் நிரப்பிக் கொடுப்பாள். போய்விடுவார்கள். நல்ல கள், ஆனால் நின்று குடிக்கிற இடமில்லை.

நின்று குடிக்கிற இடம் ஆற்றுத்துறையில் இருந்த குன்னோராவின் வீடு. அவள் சிரிப்பு மாவுமில் வரைக்கும் கேட்கும். கோட்டைக் காவலாட்களும் அங்கேதான் குடிப்பார்கள். கள் காலியானாலும் ஆள் நகராது.

ஊருக்கு இரண்டும் வேண்டியிருந்தது. இப்படியே போய்க்கொண்டிருந்தது.

அந்த வருஷம் குளிர்காலத்தில், மெழுகுதிரித் திருநாளுக்கு முன்னால் ஹாமோவுக்குக் காய்ச்சல் கண்டது. மூக்கடைப்பும் இருமலுமாகப் பதினைந்து நாள் கிடந்தார். மனைவி சிபோட்டா இறந்து நாலு வருஷமாகியிருந்தது. பக்கத்து வீட்டார் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எழுந்து நடமாடியதும் அவர் முதலில் வந்தது இடோனி வீட்டு வாசலுக்குத்தான். விளக்குமாறு கட்டி இரண்டு நாளாக அவள் காத்திருந்தாள்.

குவளையை வாங்கினார். மீசையை ஒதுக்கினார். ஒரு வாய் எடுத்தார். அவர் முகத்தைப் பார்க்கலாம் என்று இடோனி கண்ணைத் தூக்கினாள். தூக்கிய கண் நேராக அவர் கண்ணில் போய் முட்டியது.

அவர் சேவலைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கன்னத்தில் கரி ஒட்டியிருக்கிறதோ என்று நினைத்தாள். தலைத்துணியை இழுத்துவிட்டாள். காது சுட்டது. நெற்றியில் வியர்த்தது. கீழே பார்த்தாள், மறுபடி பார்த்தாள், அவர் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஏம்மா," என்றார் மெதுவாக. "இது சரியில்லையே."

குவளை கவிழ்ந்தது. கத்தி வெளியே வந்தது.

சாயங்காலம் தர்ஸ்டன் எழுந்து பார்த்தபோது பன்றி தொட்டிக்குப் பக்கத்தில் நாலு காலையும் நீட்டிக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கு வாய்ச்ச தூக்கத்தைவிட நல்ல தூக்கமா இருக்கே இதுக்கு," என்றான். தொட்டியின் ஓரத்தில் தேங்கியிருந்ததைக் கையில் அள்ளிக் குடித்தான். "இதுல என்ன குறை கண்டாரு அந்த மனுஷன்?"

"நீ சும்மா இருய்யா. கோட்டையில ஊத்துற காடியையே கள்ளுன்னு குடிக்கிற வாய் உன் வாய். அவர் நாக்குக்குத் தெரியாததா?"

"நாக்குக்குத் தெரியாம இருக்கலாம். பன்னிக்குத் தெரிஞ்சிருக்கே."

இடோனி சிரிக்கவில்லை. குறை தன்னிடம்தான் என்று முடிவு கட்டியிருந்தாள். தொட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து மூன்று நாள் வெயிலில் கவிழ்த்துவைத்தாள். ஈஸ்டர் வரை காய்ச்சவே இல்லை. பழைய உறையை விட்டுவிட்டு மாவுமில்காரர் வீட்டிலிருந்து புது உறை வாங்கினாள். சதுப்பில் வளரும் வாசனைத் தழையைப் பனி காய்ந்தபிறகு பறித்தாள். ஈஸ்டர் முடிந்து இரண்டாம் வாரம் அவள் காய்ச்சிய கள், பதினொரு வருஷத்தில் அவள் காய்ச்சியதிலேயே நன்றாக வந்தது. அது அவளுக்கே தெரிந்தது. விளக்குமாற்றை நிதானமாகக் கட்டினாள்.

ஹாமோ வந்து குவளையை வாயில் வைத்து அவள் முகத்தைப் பார்த்ததும் கதவோடு ஒட்டிக்கொண்டாள்.

"இல்லம்மா," என்றார். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "மனசுல வெச்சுக்காத."

இரண்டாவது வெட்டு முதல் வெட்டுக்கு ஒரு சாண் கீழே விழுந்தது.

இரண்டு வெட்டு விழுந்தவள் கோடை நடுவில் வரும் அருளப்பர் திருநாளுக்குள் மறுபடி ஒருதடவை காய்ச்சிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கழியைப் பிடுங்கிக் கோட்டையில் ஒப்படைத்துவிட வேண்டும். பிறகு ஆயுளுக்கும் அந்த வாசலில் விளக்குமாறு தொங்காது. காட்டி, மூன்றாவது வெட்டும் விழுந்தால் நாற்காலி. தர்ஸ்டனுக்குக் கோட்டையில் அளக்கிற தானியம் இரண்டு வயிற்றுக்குத்தான் காணும். உப்பு, செருப்பு, கூரைக்கு வைக்கோல் எல்லாம் கள்ளில் வருவது. ஆனால் இடோனியின் மனதில் ஓடியது அது மட்டுமில்லை. தண்ணீரும் அவளுக்குப் பயமில்லை, ஆற்றங்கரையில் பிறந்தவள். கரையில் ஊரே நின்று ஒரே நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்குமே, அதை நினைத்தால்தான் ரொட்டி இறங்கவில்லை.

எங்கே தவறுகிறோம் என்று தெரிந்துகொள்ள ஒருநாள் குன்னோராவின் வீட்டுக்குக் குடத்தோடு போனாள். அதற்கு முந்தின நாள்தான் ஹாமோ குன்னோராவின் கள்ளை "நல்லது, ரொம்ப நல்லது" என்று சொல்லியிருந்தார்.

"அடியே, ஊமைச்சி வந்திருக்கா பாருங்கடா!" என்றாள் குன்னோரா. "உன் கள்ளைத்தான் பன்னி குடிக்குதாமே. என் கள்ளை மனுஷன் குடிக்கிறான். ரெண்டு பேருக்கும் ஆள் இருக்கு, கவலைப்படாத."

குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். இடோனி குடத்தை நிரப்பிக்கொண்டு, தூண்போல் நின்ற குன்னோராவின் செருப்பைப் பார்த்து "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தாள். பாலத்துக்கு அடியில் நின்று ஒரு வாய் குடித்தாள். துப்பினாள். ஈரக் கயிற்றை வாயில் வைத்ததுபோல் இருந்தது. பின்னாலேயே எலிப் புழுக்கை வாடை. இதை அந்த நாக்கு நல்லது என்று சொன்னதா? மறுபடி ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். மறுபடி துப்பினாள்.

அடுத்த தடவை குன்னோராவின் வாசலில் விளக்குமாறு ஏறியதும் இடோனி துணிமூட்டையை எடுத்துக்கொண்டு துறைக்கு வந்தாள். கல்லில் உட்கார்ந்து துவைத்துக்கொண்டே பார்த்தாள். ஹாமோ வந்தார். குவளையை வாங்கினார். மணிக்கூண்டு துறையிலிருந்து நன்றாகத் தெரியும், சேவல் அன்றைக்கு வெயிலில் பளபளத்தது. அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. குன்னோராவின் முகத்தைப் பார்த்தார். குன்னோரா இடுப்பில் கை வைத்து, பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். ஹாமோவின் முகமும் மெல்ல விரிந்தது. "நல்லது," என்றார்.

பிறகு குன்னோரா ஒரு தட்டில் ரொட்டியும் கடுகு விழுதும் வைத்துக் கொடுத்தாள். அந்த வீட்டுக் கடுகு விழுதுக்குக் கோட்டைச் சிப்பாய்களே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஹாமோ ஒரு கட்டி விழுதை வெண்ணெய்போல் தடவிக்கொண்டு, பேசிக்கொண்டே தின்றார். மூக்குகூட உறிஞ்சவில்லை.

இடோனியின் கையில் இருந்த துணி ஆற்றோடு போனது. தர்ஸ்டனின் உள்சட்டை. அப்புறம்தான் கவனித்தாள்.

"அவருக்கு ருசி போயிடுச்சு," என்று அன்று சாயங்காலம் தர்ஸ்டனிடம் சொன்னாள். "காய்ச்சலோட போயிருக்கு. மூஞ்சியப் பார்த்துத்தான் சொல்றாரு. சிரிச்சா நல்ல கள். என்னை மாதிரி முழிச்சா கெட்ட கள்."

தர்ஸ்டன் காவலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், ஒரு காலில் செருப்போடு நின்றுவிட்டான். "அட பாவி மனுஷா! நாளைக்கே மணியக்காரர்கிட்ட சொல்றேன். வழக்கு நாள்ல நீயே எந்திரிச்சுச் சொல்லு, ஊரே கேக்கட்டும்."

"நான் மண்டபத்துல எந்திரிச்சா கூரை விழுந்துடும்."

"அப்ப நான் சொல்றேன்."

"வேண்டாம்யா." அவனுடைய இன்னொரு செருப்பை எடுத்துக் கொடுத்தாள். "சிபோட்டா போனதுக்கப்புறம் அவருக்கு வேற என்ன இருக்கு? வாரத்துக்குப் பதினொரு வாசல். எல்லா வாசல்லயும் நிப்பாரு, ரெண்டு வார்த்தை பேசுவாரு. ருசி இல்லேன்னு தெரிஞ்சா எந்த வாசல்ல அவரைக் கூப்பிடுவாங்க?"

"அதுக்காக நீ அகழியில முங்கப் போறியா?"

அவள் பார்லியை ஊறப்போட்டாள். அருளப்பர் திருநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

முதலில் அவளுக்குத் தோன்றிய வழி எளிதாக இருந்தது. சிரித்துவிட்டால் போதுமே. தர்ஸ்டன் தூங்கும் நேரத்தில் வாளியில் தண்ணீரை நிரப்பிக் குனிந்து, அதில் தெரிந்த முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பழகினாள். மேல் உதடு ஏறினால் கீழ் உதடு ஏற மறுத்தது. பல்லைக் காட்டினால் கண் பயந்தது. மூன்றாம் நாள் தர்ஸ்டன் தற்செயலாகக் கண் விழித்தான்.

"என்னடி, பல்வலியா?"

"இல்ல. சிரிக்கிறேன்."

அவன் முழங்கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். "வேண்டாம் புள்ள," என்றான். "இதைப் பார்த்தா அந்த ஆளு மூணு வெட்டையும் ஒரே தடவையில போட்டுடுவாரு." போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். போர்வை குலுங்கியது. இடோனிக்கும் சிரிப்பு வந்தது. வாளியில் பார்த்தாள், அது நல்ல சிரிப்பாகத்தான் இருந்தது. பார்த்ததும் போய்விட்டது.

அருளப்பர் திருநாளுக்கு நாலு நாள் முன்பு கள் பொங்கி அடங்கியது. இடோனி ருசி பார்த்தாள். போன தடவை அளவுக்கு இல்லை, ஆனால் நல்ல கள். கழியை நட்டு விளக்குமாற்றைக் கட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். தர்ஸ்டன் அன்றைக்குத் தூங்கவில்லை.

மூன்றாவது வெட்டு விழலாம் என்றால் மணியக்காரரும் கூட வர வேண்டும் என்பது வழக்கம். கோட்டை மணியக்காரர் ஜெர்வாஸ் கோவேறு கழுதையிலிருந்து இறங்கி, முகத்தில் ஈ ஓட்டிக்கொண்டு நின்றார். சந்தில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். குன்னோராவும் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஹாமோ குவளையை வாங்கினார். மீசையை ஒதுக்கினார். ஒரு வாய் எடுத்தார். அவர் கண் இடோனியைத் தேடிக்கொண்டு வந்தது.

இடோனி மேல்துணியை இரண்டு கையாலும் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள்.

சந்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் அந்தச் சிரிப்பும் நின்றது. ஹாமோ கள்ளை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கன்னம் உப்ப நின்றார். துணியைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மணியக்காரரைப் பார்த்தார், அவர் ஈயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குன்னோராவைப் பார்த்தார், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் பாதிப் பேர் பாவம் என்று பார்த்தார்கள், பாதிப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க அவர் கழுத்து சிவந்தது.

"என்னய்யா, வாயில கொழுக்கட்டையா?" என்றார் மணியக்காரர். "சொல்லித் தொலை, வெயில் ஏறுது."

துணிக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது.

"முன்ன மாதிரி சேவலைப் பாருங்கண்ணே."

ஹாமோ சடாரென்று நிமிர்ந்தார். பிறகு மெல்ல அண்ணாந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சேவல் தெற்குப் பக்கம் திரும்பி நின்றது. குரல்வளை ஏறி இறங்கியது. கள் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மணியக்காரரே," என்றார் கடைசியில், பார்வையை இறக்காமல். "இது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல. தண்ணின்னாலும் சரி, காடின்னாலும் சரி, எனக்கு இப்ப எல்லாம் ஒண்ணுதான். மெழுகுதிரித் திருநாள்ல இருந்து."

மணியக்காரருக்கு விஷயம் மண்டையில் ஏறக் கொஞ்சம் நேரமானது. ஏறியதும் குதித்தார்.

"நாலரை மாசமா? அப்போ என் காவக்காரனுங்க நாலரை மாசமா வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சுவரேறிக் குதிச்சு ஓடினதுக்கு நீதான் காரணமா? அந்தக் கழுதை மூத்திரத்தை நல்லதுன்னு சொன்னது நீதானா?"

"யாரு கள்ளைக் கழுதை மூத்திரம்ங்கிறீங்க?" என்று குன்னோரா முன்னால் வந்தாள்.

"உன் பேரைச் சொன்னேனா நான்?"

"பேரைச் சொல்லாட்டி அது என் கள்ளுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் குன்னோரா, பிறகு தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள். சந்து முழுவதும் சிரித்தது.

மணியக்காரர் ஹாமோவின் கையிலிருந்த குவளையைப் பிடுங்கி மிச்சத்தைத் தானே குடித்தார். காலிக் குவளையை இடோனியிடம் மறுபடி நீட்டினார். துணிக்குள் இருந்தவளுக்கு அது தெரியவில்லை. தர்ஸ்டன்தான் ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு வந்தான்.

அன்றைக்கு மூன்றாவது வெட்டு விழவில்லை.

எல்லாரும் போனபிறகும் ஹாமோ போகவில்லை. விறகு வெட்டும் கட்டையில் உட்கார்ந்திருந்தார். இடோனி ரொட்டியும் வெங்காயமும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வெங்காயத்தை ஆப்பிள் கடிப்பதுபோல் கடித்தார்.

"நான் ஏமாத்தணும்னு செய்யல தாயி," என்றார். "நல்லபடியா காய்ச்சினவ பயப்பட மாட்டா, கெடுத்தவதான் பயந்து நிப்பான்னு நினைச்சேன். முகம் பொய் சொல்லாதுன்னு நினைச்சேன்."

இடோனி அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பதினொரு வருஷமும் நீ இப்படித்தான் பயந்துக்கிட்டா நின்னே?"

"ஆமாண்ணே."

"நல்ல கள்ளை வெச்சுக்கிட்டா?"

"ஆமா."

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். "அப்ப முன்னெல்லாம் நான் உன் முகத்தை ஒருநாள்கூடப் பார்த்ததே இல்லையே," என்றார்.

வழக்கு நாளன்று கோட்டை மண்டபத்தில் பேச்சு நீண்டது. சத்தியத்தை மீறினதற்காக ஹாமோவைக் கோட்டை வண்டிகளுக்கு ஆறு சக்கரம் கூலியில்லாமல் செய்து தரச் சொன்னார்கள். அதைக் கேட்டுக் கோட்டை வண்டிக்காரன்தான் முகம் சுளித்தான். ருசிக்காரர் பதவியைப் பறிப்பதா என்ற கேள்வி வந்தது. படி சரியா, குடம் சரியா, கழுத்துவரை நிரப்புகிறார்களா என்று பார்க்கும் கண் அவருக்கு இன்னும் இருக்கிறதே என்றார் மாவுமில்காரர். தானே வாயைத் திறந்து சொன்னவரை எப்படித் தள்ளுவது என்றார்கள் சிலர். அப்போ ருசிக்கு யார்? பெண்பிள்ளையை ருசிக்காரர் ஆக்குகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. ஆனால் ருசிக்காரரோடு யார் கூடப் போகலாம், யார் போகக் கூடாது என்று யாரும் எங்கேயும் சொல்லி வைக்கவில்லை. நல்லது எது என்று தெரிந்தும் இரண்டு வெட்டையும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டவள் ஒருத்தி இருக்கிறாளே என்று யாரோ சொன்னார்கள்.

இடோனி மண்டபத்துக்கு வரவில்லை. ஹாமோவோடு போய் ருசி பார்க்கச் சொல்லி வந்தவர்களை மூன்று தடவை ஜன்னலைச் சாத்தி அனுப்பினாள். நாலாவது தடவை ஹாமோவே வந்தார்.

"பேச மாட்டேன்," என்றாள் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து.

"பேச்செல்லாம் என் பொறுப்பு."

"தலையை மட்டும்தான் ஆட்டுவேன்."

"நான்தான் முகத்தைப் பார்த்துப் பழகிட்டேனே. ஒரு முகத்தைப் பார்த்துச் சொல்றது பதினொண்ணைப் பார்க்கிறதைவிட லேசு."

"என் கள்ளை நானே பார்க்கிறது முறையில்ல."

அதற்குப் பதில் குன்னோராவிடம் இருந்தது. "அவ கள்ளை நான் பார்க்கிறேன், என் கள்ளை அவ பார்க்கட்டும்," என்று துறையில் நின்று ஊருக்கே கேட்கச் சொன்னாள். "எவ எவளை முதல்ல அகழிக்கு அனுப்புறான்னு பார்த்துடுவோம்."

முதல் சுற்றிலேயே குன்னோராவின் கள் பன்றிக்குப் போனது. இடோனி இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினாள், ஹாமோ கவிழ்த்தார். குன்னோரா போட்ட சத்தத்தில் அணைக்கட்டு வாத்தெல்லாம் பறந்தன. அடுத்த வாரம் இடோனி வீட்டு வாசலில் வந்து நின்று, குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, பழிவாங்க ஆசையாகத்தான் பார்த்தாள். குடித்தாள். முகத்தை எத்தனை கோணலாக வைத்துப் பார்த்தும் வாய் கேட்கவில்லை. "இருக்கு," என்றாள் கடைசியில். "என்னமோ இருக்கு." அதை நல்லது என்று ஹாமோ எடுத்துக்கொண்டார்.

இது நடந்து இப்போது மூன்றாவது கோடை. வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பேரும் சுற்றுக்குக் கிளம்புகிறார்கள். முன்னால் ஹாமோ, நாலடி பின்னால் இடோனி. வாசலில் பேசுவதெல்லாம் ஹாமோதான், முன்னைவிட அதிகமாகவே பேசுகிறார். ருசி அவருக்குத் திரும்பவில்லை. போன மாசம் வெந்த முட்டைக்கோஸ் வாடை லேசாகத் தெரிந்ததுபோல இருந்தது என்றார், பிறகு இல்லை என்றார். இடோனி இன்னும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அவள் கழியில் அந்த இரண்டு வெட்டும் அப்படியே இருக்கின்றன. வெட்டிய மரத்தை ஒட்ட வழியில்லை, கழியை மாற்றச் சொன்னால் அவள் மாற்ற மாட்டேன் என்கிறாள். தர்ஸ்டனுக்குப் புது உள்சட்டை வந்துவிட்டது. குன்னோராவின் கள் இப்போது பரவாயில்லை.